முன்பின் சாரும் பேரம் பேசக் கூடாத நானும்

போடிநாயக்கனூரில் ஏலக்காயை அளந்தவர்கள் எத்தனையோ பேர். குழப்பத்தை அளந்து பார்த்தவர் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முன்பின் சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, ஆனால் அதை யாரும் உச்சரித்ததில்லை. ஒருநாள் அவரே போனை எடுத்து, "ஆமா, முன்பின்தான் பேசுறேன், சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று கூடக் கவனிக்காமல் பத்து நிமிஷம் பேசினார்.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். நீலம் முன்னுக்கு, சிவப்பு பின்னுக்கு. எந்தக் காரியத்துக்கும் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்துவிட்டால் அந்தக் காரியத்தின் லட்சணம் தெரிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. முடி வெட்டிக்கொள்ளப் போகும்போது டேப்பும் கையுமாகப் போவார். தலையைச் சுற்றி அளந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். எழுந்ததும் மறுபடி அளந்து, "போன தடவை ரெண்டரை குறைஞ்சது, இந்தத் தடவை ரெண்டுதான்" என்று கடைக்காரரிடம் புகார் சொல்வார். கல்யாண விருந்துக்குப் போவதற்கு முன்னும் பின்னும் எங்கள் குடோன் தராசில் ஏறி நிற்பார்.

எனக்கு ஒருமுறை கடுமையான சளி. கஷாயம் குடிக்கப் போனவனைத் தடுத்து நிறுத்தி, ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து என் தும்மலை எண்ணினார். பதினொன்று. குடித்த பிறகு மறுபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பதினான்கு.

"கஷாயம் வேலை செய்யுதா சார்?"

"செய்யுது. ஆனா தும்மல் பக்கம் நின்னு செய்யுது" என்றார் யோசனையோடு.

எங்கள் கம்பெனி, மலையிலிருந்து ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி. போடியில் காய் என்றாலே ஏலக்காய்தான். நானும் மொக்கச்சாமியும் கொள்முதல் செய்கிற ஆட்கள். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் சாம்பிளைப் பார்த்து விலை பேசுவது எங்கள் சோலி. முன்பின் சார் மனிதவள மேலாளர். அவர் வருவதற்கு முன்பு அந்த வேலையை முதலாளியின் சத்தமே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலாளி ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போய்வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மில்காரர், தன்னுடைய ஆட்களுக்குப் பேரம் பேசப் பயிற்சி கொடுத்திருப்பதாகப் பெருமையடித்திருக்கிறார். முதலாளிக்குப் பாயசம் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் முன்பின் சாரைக் கூப்பிட்டார். நான் அங்கே சாம்பிள் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"சார், நம்ம ஆளுகளுக்கும் பேரம் பேச கிளாஸ் எடுத்துப்புடுவோமா?"

"எடுக்கலாம் முதலாளி. ஆனா அளக்கணும்."

"எதை?"

"போட்ட முதலுக்கு என்ன திரும்பி வந்துச்சுங்கிறதை."

முதலாளி அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"அதெல்லாம் அளக்க முடியுமா?"

"எதையும் அளக்கலாம் முதலாளி."

"அப்பச் சரி. சீசன் முடியிறதுக்குள்ள ஒத்தத் தாள்ல எழுதிக் கொண்டாங்க. என்ன போட்டேன், என்ன வந்துச்சு. ஒழுங்காக் காட்டலேன்னு வைங்க, கிளாசும் வேணாம், அளக்குற ஆளும் வேணாம்."

முன்பின் சார் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் வேலை போய், இரண்டு வருஷம் அலைந்து திரிந்து அவருக்குக் கிடைத்த வேலை அது. மனைவி இல்லை. மகள் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தன் வேலையைத் தானே ஒற்றைத் தாளின் மேல் வைத்துவிட்டு வந்த மனிதர், வாசலில் நின்று, கதவைத் திறப்பதற்கு முன்னால் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க கிளாசுக்கு வரக் கூடாது."

"ஏன் சார்? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பே இல்ல. ஆபீஸ், குடோன் ஆட்கள் எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர் கத்துக்கப் போறாங்க. கத்துக்காத ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரு வயலுக்கு உரம் போடுறோம், பக்கத்து வயலைச் சும்மா விடுறோம். நீங்க சும்மா விட்ட வயல்."

"அப்ப நான் விளையக் கூடாதா?"

"விளையலாம். தானா விளையணும்."

"அதுக்கு ஏன் சார் நானு?"

அவர் நோட்டைத் திறந்தார். கிளாஸ் பேச்சே வருவதற்கு முன்னால், ஒரு மாதமாக எனக்குத் தெரியாமல் என்னை நீல மையில் அளந்திருந்தார். "உங்க முன் அளவு அவ்வளவு சுத்தம். பேரம் பேசத் தெரிஞ்ச அறிகுறியே இல்ல" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. பயிற்சி எடுத்தவர்களோடு உட்கார்ந்து நான் சாப்பிடக் கூடாது, வித்தை ஒட்டிக்கொள்ளும். அதனால் தராசுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். அதைவிடக் கொடுமை, வெளியிலும் நான் பேரம் பேசக் கூடாது. காய்கறிக் கடையில், ஆட்டோவில், பேருந்து நிலையத்துக் கொய்யாக்காரியிடம், எங்குமே. பேசிப் பழகினால் நான் கெட்டுப்போவேனாம்.

என் மனைவி செல்விக்கு இரண்டே நாளில் தெரிந்துபோயிற்று.

"ஏங்க, தக்காளி என்ன வெலைக்கு வாங்குனீக?"

"சொன்ன வெலைக்கு."

"கொறைச்சுக் கேக்கலையா?"

"கேக்கக் கூடாது. நான் சும்மா விட்ட வயல்."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே முன்பின் சார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், சோதனை போட. காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அவளிடம், "கல்யாணத்துக்கு முன்னாடி இவர் பேரம் பேசுவாரா?" என்று கேட்டார்.

"எங்க சார்? பொண்ணு பாக்க வந்தப்பவே, யாரும் எதுவும் கேக்கும் முன்னாடி 'சரி'ன்னுட்டாரு. எங்க மாமா பயந்துபோயி, மாப்பிள்ளைக்கு ஏதும் கொறை இருக்குமோன்னு ஊருக்குள்ள விசாரிச்சாரு."

முன்பின் சாரின் முகம் மலர்ந்தது. நீலப் பேனாவை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

பயிற்சி எங்கள் கம்பெனி மாடியிலேயே மூன்று நாள் நடந்தது. மாடியில் பாதி, காய் பொறுக்கும் பெண்களின் கூடம். நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். மீதிப் பாதியில் நாற்காலி போட்டு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வந்த இளைஞருக்கு நல்ல குரல். அது போதாதென்று கையில் மைக். கீழே உட்கார்ந்திருந்த எனக்கு, "முதல் விலையை நீங்களே சொல்லுங்கள்!" என்று தெளிவாகக் கேட்டது. அடுத்த நிமிஷம் முன்பின் சார் மாடிப்படியில் தடதடவென இறங்கி வந்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சைக் கிள்ளி, என் இரண்டு காதிலும் தன் கையாலேயே அடைத்தார். மூன்று நாளும் நான் அப்படியேதான் இருந்தேன். அந்த மூன்று நாளில் யார் என்னிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பயிற்சி முடிந்த மறுவாரம் மொக்கச்சாமி வாங்கிய விலை முந்தைய மாதத்தைவிடக் குறைவு. முன்பின் சார் ஆபீஸ் முழுக்க மிக்சர் வாங்கிக் கொடுத்தார். பிறகு என் கணக்கைப் பார்த்தார். என்னுடைய விலையும் அதே அளவு குறைந்திருந்தது.

"நீங்க எப்படிக் குறைச்சீங்க?" குரலில் சந்தேகம்.

"நான் கொறைக்கல சார். மார்க்கெட்டே எறங்கிருச்சு."

"பஞ்சு ஏதும் நழுவுச்சா?"

அடுத்த பதினைந்து நாளில் மார்க்கெட் ஏறியது. இரண்டு பேர் விலையும் ஏறியது. சிவப்பு மையில் பார்த்தால், பயிற்சி எடுத்த பிறகு மொக்கச்சாமிக்கு இருந்த புத்தியும் போய்விட்டது போல இருந்தது. முன்பின் சார் இரண்டு நாள் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள், "ஏலக்காய் நம்ம ஆய்வுக்கு ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

ஏலக்காயாவது பரவாயில்லை. தோட்டக்காரர்கள் அடியோடு கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவர் சாம்பிளைத் தட்டில் கொட்டுவார். வாங்குகிற ஆள் கையில் அள்ளி, உருட்டி, மோந்து பார்ப்பான். டீ வரும். டீ குடித்துக் கிளாசைக் கீழே வைக்கிறவரை விலைப் பேச்சு கிடையாது. மழை, ஜீப்பு, தேவாரம் ஊர்ப் பக்கம் யானை இறங்கியது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்றுதான் பேச்சு ஓடும். இந்த வழக்கம் மைக் பிடித்த இளைஞருக்குத் தெரியாது. முதலில் விலையைச் சொல், சொன்ன பிறகு வாயைத் திறக்காதே, எதிராளி கண்ணையே பார், இதுதான் பாடம்.

போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் சன்னாசி அண்ணன் அன்றைக்கு மொக்கச்சாமியின் மேஜையில் உட்கார்ந்து முதல் மடக்கு டீயை வாயில் வைத்தார். மொக்கச்சாமி பட்டென்று விலையைச் சொன்னான்.

சன்னாசி அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. "ஏலே அப்பு, வாயில டீய வச்சிருக்கேன், வெலை சொல்றியே, நான் முழுங்கவா, துப்பவா?"

மொக்கச்சாமி பாடப்படி வாயைத் திறக்கவில்லை. கண்ணையே பார்த்தான்.

"என்னலே பாக்குற? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

பார்த்துக்கொண்டே இருந்தான்.

சன்னாசி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தப் பயலுக்கு என்னமோ ஆயிப்போச்சு. மூச்சு விடுறானான்னு பாருங்க. எனக்கு டீ மதி, போதும்." சாம்பிள் பையை முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். அவர் ஏறிய ஜீப்பு மலையின் பதினேழு வளைவையும் தாண்டுவதற்குள், போடியில் ஒரு கம்பெனி ஆட்களுக்கு ஏதோ கற்றுக்கொடுத்துக் கெடுத்துவிட்டது என்ற செய்தி போடிமெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் வந்த தோட்டக்காரர்கள் வாசலிலேயே நின்று, "கிளாசுக்குப் போகாத ஆளு யாரு?" என்று விசாரித்தார்கள். விலை எங்கள் இருவரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் என்னிடம் டீயை நிம்மதியாகக் குடிக்கலாம். என் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. மொக்கச்சாமி ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, நாலு பேரையாச்சும் இங்கிட்டுத் தள்ளி விடுடா" என்று கெஞ்சினான்.

"தள்ளி விட்டாக் கலப்படம் ஆகிப்போகும்னு சார் சொல்லியிருக்காரு மாப்ளே."

முன்பின் சார் எங்கள் மேஜைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. கடைசியில் மொக்கச்சாமியைத் தனியாக அழைத்து, டீ குடித்து முடியும்வரை பொறுத்திருக்கச் சொன்னார். அவனும் பொறுத்தான், மழையைப் பற்றிப் பேசினான், யானையைப் பற்றிப் பேசினான், வியாபாரம் திரும்ப வந்தது. அப்போதுதான் முன்பின் சாருக்கு ஒரு சந்தேகம். பயிற்சியில் சொன்ன எதையும் செய்யாத மொக்கச்சாமி இப்போது பயிற்சி எடுத்தவனா, எடுக்காதவனா? அன்று மாலை அவர் என்னையும் அவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில், தோட்டக்காரர்களிடம் செல்லாத வித்தையை மற்றவர்கள் முன்பின் சாரிடமே பிரயோகித்தார்கள். எண்ணிக்கை குறைகிறது என்று வாட்ச்மேனையும் அவர் பயிற்சியில் உட்கார்த்தியிருந்தார். வாட்ச்மேன் ஒருநாள் வந்து விறைப்பாக நின்றார். "ரெண்டு நாள் லீவு குடுங்க. முடியாதுன்னா ஒரு நாள் லீவும் புது டார்ச் லைட்டும் குடுங்க. அதுவும் முடியாதுன்னா நாற்காலிக்கு மெத்தை குடுங்க." சிவப்புப் பத்தியில் எழுத வெற்றி எதுவும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த முன்பின் சார், மூன்றையும் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் வாசலில் வாட்ச்மேன் இல்லை. மெத்தை போட்ட நாற்காலியும் டார்ச் லைட்டும் காவல் இருந்தன.

சீசன் முடிய ஒரு மாதம் இருந்தது. ஒற்றைத் தாளில் எழுத ஒன்றும் தேறவில்லை. மகளிடம் போனில் பேசும்போது, "இங்க எல்லாம் நல்லாப் போகுதும்மா, அளவுதான் கொஞ்சம் குழப்பமா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்காக எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

அந்த வாரம்தான் காய் பொறுக்கும் பெண்களின் கூலிப் பேச்சு வந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். பேச்சியம்மாள்தான் அவர்களுக்காகப் பேசும். மருந்துச் செலவு, பள்ளிக்கூடச் செலவு, கண் வலி, இடுப்பு வலி என்று அரை நாள் பேசும். முதலாளி அதைவிட உரக்கப் பேசுவார். கடைசியில் கிலோவுக்குக் கால் ரூபாய் கூடும். முன்பின் சார் மூலையில் நோட்டோடு நின்றார். அவர் எதையும் அளக்காமல் விடுவதில்லை.

பேச்சியம்மாள் வந்து நின்றது. "மொதலாளி, கிலோவுக்கு ரெண்டு ரூவா கூட்டணும்" என்றது. அதோடு வாயை மூடிக்கொண்டது. பின்னால் நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதலாளி தயாராகக் கத்த ஆரம்பித்தார். "ரெண்டு ரூவாயா? என்னத்தா நெனச்சுக்கிட்டு இருக்கீக?"

பதில் இல்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது.

"அரை ரூவா தாரேன்."

யாரும் அசையவில்லை.

"சரி, முக்கா ரூவா. அதுக்கு மேல முடியாது, சொல்லிப்புட்டேன்."

பேச்சியம்மாள் முதலாளியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது. முதலாளிக்குச் சத்தம் பழக்கம். சத்தமில்லாமல் இருப்பது அவருக்குப் பழக்கமே இல்லை. வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். தண்ணீர் குடித்தார்.

"ஒன்னு... ஒன்னேகால்... அட, ஏதாச்சும் பேசித் தொலைங்கத்தா! ஒன்னரை!"

தன்னோடு தானே பேரம் பேசி, பத்தாவது நிமிஷத்தில் முதலாளி இரண்டு ரூபாய்க்கு வந்து சேர்ந்தார். "அப்ப வர்றோம் மொதலாளி" என்று பேச்சியம்மாள் கிளம்பியது. முன்பின் சார் படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடினார்.

"யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"மூணு நாளு மைக்கு வச்சுக் கத்துனாரே, அந்தத் தம்பிதான். தகரத்துக்கு அங்கிட்டு எங்களுக்குக் காது இல்லையா சார்? உங்க ஆளுக டீ குடிக்க, போன் பேசன்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் போனாக. நாங்க எந்திரிக்கல."

எனக்கு மட்டும் பஞ்சு வைத்துவிட்டு நாற்பது பேரை மறந்துவிட்டோமே என்று அவர் தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். முன்பின் சாரின் கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "வேலை செஞ்சிருக்கு! பயிற்சி வேலை செஞ்சிருக்கு!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஒற்றைத் தாளில் அதைத்தான் எழுதினார். போட்டது: மூன்று நாள் பயிற்சிச் செலவு. வந்தது: காய் பொறுக்கும் பெண்களுக்குக் கூலி உயர்வு, முன்பு அரை நாள் பேசிக் கால் ரூபாய், பின்பு பத்து நிமிஷத்தில் இரண்டு ரூபாய்.

"சார், இதைக் காட்டாதீங்க" என்று நான் கெஞ்சினேன். "மொக்கச்சாமி வெலை கொறைச்ச வாரத்தை மட்டும் எழுதுங்க. மொதலாளிக்குத் தெரியவா போகுது?"

"அந்த வாரம் மார்க்கெட் இறங்குச்சு. இதுதான் ஒரே சுத்தமான அளவு."

"கம்பெனிக்கு நட்டம் சார் இது."

"பயிற்சிக்கு லாபம்."

"உங்க வேலை போயிடும் சார்!"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "பார்த்ததை எழுதலேன்னா எனக்கு ரெண்டு பேனா எதுக்கு?" என்றார்.

முதலாளி தாளை மூன்று தடவை படித்தார். "போட்டது நானு. வந்தது யாருக்குய்யா?" என்று கேட்டார்.

"என்ன வந்துச்சுன்னுதான் முதலாளி கேட்டீங்க. யாருக்குன்னு கேக்கலையே."

"மாசக் கடைசியோட நின்னுக்கங்க சார்" என்றார் முதலாளி. அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

முன்பின் சார் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார். அவருக்காக முதலாளியிடம் போய்ப் பேச வேண்டும் என்று பயிற்சி எடுத்த பதினோரு பேரும் தராசுக்குப் பக்கத்தில் கூடினார்கள். முதலில் எதைச் சொல்வது, மாற்று வழி என்ன வைப்பது, எந்த இடத்தில் மௌனம் காப்பது என்று ஆரம்பித்து, யார் வாயைத் திறப்பது என்பதில் ஒருவரோடு ஒருவர் பேரம் பேசி, மாலை ஐந்து மணிக்குச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். நான் டிபன் பாக்சை மூடிவிட்டு நேரே முதலாளி அறைக்குள் போனேன்.

டீ வந்தது. இருவரும் குடித்தோம். நான் கிளாசைக் கீழே வைத்தேன்.

"மொதலாளி, முன்பின் சார் போக வேணாம்."

"ஏன்?"

"எனக்குச் சங்கடமா இருக்கு."

அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. முதலாளி மிச்சத்துக்காகக் காத்திருந்தார். நானும் மிச்சம் ஏதாவது தோன்றுமா என்று காத்திருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"ஆமா மொதலாளி."

"அவரை வச்சிருந்தா எனக்கு என்னய்யா ஆதாயம்?"

"தெரியல மொதலாளி."

மின்விசிறி ஓடியது. முதலாளி வேட்டியைச் சரிசெய்தார். தண்ணீர் குடித்தார். பிறகு சட்டென்று என்னை முறைத்தார். "ஏய்யா, நீயும் தகரத்துக்கு அங்கிட்டுத்தான் உக்காந்திருந்தியா?"

"இல்ல மொதலாளி. கீழதான் இருந்தேன். சார் எனக்குக் காதுல பஞ்சு வச்சிருந்தாரு."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்யா. தனக்கே ஆப்பு வச்சுக்கிட்டு உண்மையை எழுதுற ஆளு ஒருத்தன் இருந்துட்டுப் போகட்டும். ஆனா என் காசுல இனிமே எதையும் அளக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

நான் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னேன். முன்பின் சார் எழுந்து என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நோட்டைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"ஒரு டீ குடிக்கிற நேரம் சார்."

"என்ன உத்தி?"

"ஒன்னும் இல்ல சார்."

அவர் முகம் இருண்டது. "பயிற்சி எடுத்த பதினோரு பேரால முடியல. எடுக்காத நீங்க ஜெயிச்சிட்டீங்க. அப்பப் பயிற்சி வீண். வீண்னா, என்னை அனுப்பினது சரி. அனுப்பினது சரின்னா, நீங்க ஜெயிச்சது தப்பு. அது தப்புன்னா, உங்களுக்குப் பேசத் தெரியலைன்னு அர்த்தம். அப்பப் பயிற்சி தேவைதான். தேவைன்னா, என்னை அனுப்பக் கூடாது. அனுப்பக் கூடாதுன்னா, நீங்க பேசினது சரி..." நான் குறுக்கே பேசப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு சுற்று போய் வந்தார். எனக்குத் தலை சுற்றியது. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் நீலத்தையும் எடுக்கவில்லை, சிவப்பையும் எடுக்கவில்லை. என் மேஜையில் கிடந்த பென்சிலை வாங்கி, நோட்டின் பின்னட்டையில் என் பெயரை எழுதினார். அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மேலும் இரண்டு சீசன் அவர் எங்களோடு இருந்தார். மகளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்ததும் அங்கே போய்விட்டார். வழியனுப்ப நானும் செல்வியும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். பஸ்சு நகர ஆரம்பித்த பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"உங்களுக்குப் பின் அளவு நான் எடுக்கவே இல்ல! நீங்க இன்னும் முன்னாடிதான் இருக்கீங்க! வருவேன். அதுவரைக்கும் எங்கேயும் பேரம் பேசிக் கெட்டுப்போயிடாதீங்க!"

இப்போது அவருக்கு முழங்கால் வலி, நெடுந்தூரம் பஸ்சில் உட்கார முடிவதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். சுகம் விசாரிக்க மாட்டார். "கெடாம இருக்கீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இருக்கிறேன் சார் என்பேன். சரி என்று வைத்துவிடுவார்.

போன வாரம் காய்கறிக் கடையில் அவரைக்காய்க்கு விலை கேட்டேன். கடைக்காரம்மா சொன்ன விலை அநியாயம் என்று எனக்கே தெரிந்தது. செல்வி பின்னாலிருந்து முழங்கையைக் கிள்ளினாள். நான் சொன்ன காசைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டேன்.

"இன்னும் எத்தன வருசத்துக்குங்க இப்படி?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

அவர் முழங்கால் சரியாகி, சிவப்புப் பேனாவோடு ஒருநாள் வந்து இறங்குவார். அன்றைக்கு அவர் விட்டுப்போன அதே ஆளாக நான் இருக்க வேண்டும்.